கணிப்பொறி ஏன் அசையாமல் நின்றது?

எங்கள் பள்ளிக் கண்காட்சியின் இரண்டாம் நாள் பிற்பகல் அது. கணிப்பொறி மன்றத்தின் சார்பில் ஐந்து கணிப்பொறிகளை வரிசையாக வைத்து, நாங்களே எழுதிய வினாடி-வினா நிரலை ஓடவிட்டிருந்தோம். பத்து வினாக்கள், பத்து நிமிடங்கள். நம் சுற்றுவட்டாரத்தைப் பற்றியே வினாக்கள் அமைந்திருந்தன. கலாக்ஷேத்திரம் தொடங்கப்பெற்ற ஆண்டு எது (1936), ஆலிவ் ரிட்லி ஆமைகள் எந்த மாதங்களில் நம் கரையேறி முட்டையிடும் (சனவரி முதல் மார்ச் வரை) என்பன போன்றவை. முதல் நாள் முழுவதும் ஒரு குறையுமின்றி நடந்தது. இரண்டாம் நாள் கூட்டம் மிகுந்திருந்த வேளையில் ஐந்தாவது கணிப்பொறி நின்றுவிட்டது.

அதன் முன் அமர்ந்திருந்தவள் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. திரையில் ஆமை வினா தெரிந்தது. அவள் 2 என்று தட்டினாள். 2 திரையில் விழுந்தது. 'எண்டர்' விசையை அழுத்தினாள், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி 2, மறுபடி 'எண்டர்'. திரையின் ஓரத்தில் 2, 2, 2 என்று ஏணி போல ஒரு வரிசை இறங்கியது. மூலையில் ஓடும் கடிகாரமும் நின்றிருந்தது. பின்னால் நின்ற தோழி ஒருத்தி சொல்ல, கண்ட்ரோல் விசையோடு சி-யைச் சேர்த்து அழுத்திப் பார்த்திருக்கிறாள். அதற்கும் அசையவில்லை.

நாங்கள் ஓடிவந்து பார்த்தபோது திரையில் அந்தக் கண்ட்ரோல்-சியின் அடையாளம், ஒரு கூரைக்குறியும் சி-யும், மூன்று இடங்களில் பதிந்திருந்தது. "ஏன் இதைத் தொட்டாய்?" என்று எங்களில் ஒருத்தி சற்று உரக்கவே கேட்டுவிட்டாள். சிறுமி அழுதுகொண்டே எழுந்து போனாள். மின்சாரத்தை நிறுத்திப் போட்டதும் கணிப்பொறி நன்றாக ஓடியது. ஆகவே கெடுத்தது அவள்தான் என்று முடிவு கட்டிவிட்டோம். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே மதிப்பெண் இல்லை. பரிசுக்கும் அவள் பெயர் போகவில்லை.

அந்த முடிவு எவ்வளவு தவறானது என்பதையும், தவறு எங்கே இருந்தது என்பதையும் தோழியருக்குச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் விசைப்பலகையைச் சந்தேகித்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொட்டிவாக்கத்தில் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. சன்னல் கம்பி, மிதிவண்டிச் சங்கிலி, ஆய்வுக்கூடத்துப் பூட்டு எல்லாம் ஓராண்டில் துருவேறிவிடும். ஆனால் விசைப்பலகை கெட்டிருந்தால் 2 என்ற எண் திரையில் எப்படி விழும்? இக்கேள்வி எங்களுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. இதற்கு விடை காண, முனையம் என்றால் என்ன என்பதை அறிய வேண்டும்.

கணிப்பொறித் திரைகள் வருவதற்கு முன்பு, தந்தி அலுவலகங்களிலும் செய்தி நிறுவனங்களிலும் தொலைஅச்சு இயந்திரங்கள் இருந்தன. ஓர் ஊரில் தட்டினால் மறு ஊரில் தாளில் அச்சாகும். நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. 1960-ல் இங்கே கிண்டியில் தொடங்கப்பெற்ற இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசு நிறுவனம் இவ்வியந்திரங்களையே உற்பத்தி செய்தது. 2001-ல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் தனியாருக்கு விற்கப்பட்டன. 2013 ஜூலையில் நாட்டில் தந்திச் சேவையே நின்றது. தொலைஅச்சு போயிற்று, பெயர் மட்டும் போகவில்லை. 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் இயக்க அமைப்பைத் தொடங்கியபோது, அதனோடு பேசும் கருவியாக டெலிடைப் இயந்திரமே இருந்தது. அதனால்தான் யூனிக்ஸிலும், அதன் வழியில் 1991-ல் பிறந்த லினக்ஸிலும் முனையத்தின் பெயர் இன்றும் 'டிடிஒய்'. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இருப்பது சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் 2007-ல் முதலில் வெளியிட்ட பாஸ் லினக்ஸ். அதிலும் இதே பெயர்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நாம் தட்டும் எழுத்தைத் திரையில் காட்டுவது நம் நிரல் அன்று. விசைப்பலகைக்கும் நிரலுக்கும் இடையே, இயக்க அமைப்பின் கருவாகிய கெர்னலுக்குள், முனையத்தைக் கவனிக்கும் பகுதி ஒன்று இருக்கிறது. எழுத்து வந்ததும் அதைத் திரைக்கு எதிரொலிப்பதும், 'எண்டர்' வரும்வரை வரியைச் சேர்த்து வைப்பதும் அதன் வேலை. நிரல் விழித்திருந்தாலும் உறங்கினாலும் எதிரொலி நடக்கும். ஆகவே 2 திரையில் விழுந்ததால் நிரலுக்கு 2 போய்ச் சேர்ந்தது என்று பொருளில்லை. அந்த ஏணி வரிசை முழுவதும் வாசலிலேயே காத்துக் கிடந்திருக்கிறது.

அப்படியானால் நிரல் ஏன் வாசலுக்கு வரவில்லை?

ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நிரலையும் யூனிக்ஸ் ஒரு செயல்முறையாகக் கொண்டு, அதற்கு ஓர் எண் கொடுக்கிறது. ஒரு செயல்முறை இன்னொன்றைப் பெறும். முன்னது தாய், பின்னது சேய். சேர்ந்து வேலை செய்யும் செயல்முறைகள் ஒரு குழுவாகும். குழுக்கள் பல சேர்ந்து ஓர் அமர்வு. ஓர் அமர்வுக்கு ஒரே ஒரு முனையம். அந்த முனையத்தில் ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கே முன்னணி இடம். மற்றவை பின்னணிக் குழுக்கள். காலை வணக்கத்தின்போது நம் மேடையில் இருக்கும் ஒலிவாங்கியை எண்ணிக்கொள்ளலாம். எந்த வகுப்பின் கையில் ஒலிவாங்கி இருக்கிறதோ அந்த வகுப்பே பேசும்; "போதும்" என்று சகோதரி கை காட்டினால் அது அந்த வகுப்புக்கே பொருந்தும். கண்ட்ரோல்-சி என்பது அந்தக் கை. அது முன்னணிக் குழுவிலுள்ள அனைவருக்கும் 'சிக்இண்ட்' என்னும் 2-ஆம் எண் சமிக்ஞையாகப் போகிறது. பின்னணியில் உள்ளவர்களுக்குப் போவதில்லை.

பின்னணிக் குழுவில் இருக்கும் ஒரு நிரல் முனையத்திலிருந்து படிக்க முற்பட்டால் கெர்னல் அதற்கு 'சிக்டிடின்' என்ற 21-ஆம் எண் சமிக்ஞையை அனுப்புகிறது. அனுப்புவது படித்த நிரலுக்கு மட்டுமன்று. அதன் குழு முழுமைக்கும். வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் குழு முழுவதும் அப்படியே உறைந்து நிற்கும். இறப்பதில்லை, நிற்கிறது. ஆனால் பின்னணி நிரல் திரையில் எழுதுவதை மட்டும் கெர்னல் சாதாரணமாகத் தடுப்பதில்லை. இதனால்தான் வினா திரையில் வந்தது, விடை மட்டும் உள்ளே போகவில்லை! ஒரே நிரல் பேசும், கேட்காது.

இந்த முன்னணி-பின்னணி ஏற்பாடு யூனிக்ஸ் பிறந்தபோது இருந்ததன்று. ஆஸ்திரியாவில் லாக்சன்பர்க் என்ற ஊரிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிறுவனத்தில் ஜிம் கல்ப் என்பவர் முதலில் செய்து பார்த்தது. 1980-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் அது சேர்ந்தது. அமர்வு என்ற எண்ணத்தையும் சேர்த்து 1988-ல் 'போசிக்ஸ்' தரம் ஒழுங்கு செய்தது.

இனி எங்கள் நிரலுக்கு வருவோம். அதில் மூன்று பேர். ஒன்று, மேற்பார்வை நிரல். ஒவ்வொரு மாணவி அமர்ந்ததும் வினா நிரலைப் பெற்றெடுக்கும், பத்து நிமிடம் ஆனால் நிறுத்தும். இரண்டு, வினா நிரல். மூன்று, வினா நிரல் பெற்ற கடிகார நிரல். வினாவையும் கடிகாரத்தையும் ஒரே அடியில் நிறுத்த வேண்டும் என்பதற்காக, 'செட்பிஜிஐடி' என்ற அழைப்பால் அவ்விரண்டையும் தனிக் குழுவாக்கினோம். வம்பு அங்கேதான் தொடங்கியது. ஆனால் அது கண்காட்சிக்கு இரண்டு வாரம் முந்தைய கதை.

தனிக் குழுவாக்கிய அன்று வினா நிரல் ஒவ்வொரு முறையும் முதல் வினாவிலேயே நின்றது. கண்ட்ரோல்-சி அடித்தால் எல்லாமே மறைந்துவிடும். அதனால் துப்பும் கிடைக்கவில்லை. (முன்னணியில் இருந்த மேற்பார்வை நிரல் கண்ட்ரோல்-சியில் இறக்கிறது. அமர்வில் கேட்பாரின்றி, நின்ற நிலையில் அனாதையான குழுவுக்குக் கெர்னல் 'சிக்ஹப்' என்ற சமிக்ஞையை அனுப்ப, அதுவும் இறக்கிறது. யூனிக்ஸ் நூல்கள் இதற்கு வைத்திருக்கும் பெயரே அனாதைக் குழு என்பதுதான்.) எங்களில் ஒருத்தி, 'சிக்டிடின்' சமிக்ஞையைப் புறக்கணிக்கும்படி எழுதினாள். நிரல் நிற்கவில்லை, ஆனால் ஒவ்வொரு படிப்பும் உள்ளீடு-வெளியீட்டுப் பிழை என்று திரும்ப, எங்கள் நிரல் அதையே தவறான விடையாகக் கொண்டு, கண் இமைப்பதற்குள் பத்து வினாவையும் கடந்து பூச்சியம் போட்டது. இந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துத்தான் நாங்கள் முதன்முதலில் விசைப்பலகையை மாற்றினோம். செய்தியின் சொற்களை நம்பி இயந்திரத்தைக் கழற்றியவர்கள் நாங்கள் மட்டும் அல்லர் என்று ஆசிரியை சொன்னார்.

சரியான மருந்து 'டிசிசெட்பிஜிஆர்பி' என்ற அழைப்பு. "இந்த முனையத்தின் முன்னணி இனி இந்தக் குழு" என்று கெர்னலுக்குச் சொல்வது அது. வினா நிரலைப் பெற்றதும் தாய் அதன் குழுவிடம் முனையத்தை ஒப்படைக்க வேண்டும். வினா முடிந்ததும் திரும்பப் பெற வேண்டும். திரும்பப் பெறும்போது இன்னொரு இடி. அப்போது தாய் பின்னணியில் இருக்கிறது. பின்னணியிலிருந்து முனையத்தைக் கேட்டால் 'சிக்டிடௌ' என்ற 22-ஆம் எண் சமிக்ஞை வந்து தாயே நின்றுவிடும். அந்த ஒரு சமிக்ஞையை மட்டும் தாய் புறக்கணிக்க வேண்டும். அதையும் செய்தோம். ஓடியது. விடைகளை ஒரு கோப்பில் எழுதி, அதிலிருந்து ஊட்டி இருநூறு முறை சோதித்தோம். ஒரு முறையும் நிற்கவில்லை.

அந்தச் சோதனையே பிழை என்பது பிறகு விளங்கியது. கோப்பிலிருந்து படிக்கும் நிரல் முனையத்தைத் தொடுவதே இல்லை. முனையத்தைத் தொடாத நிரலுக்குச் 'சிக்டிடின்' எங்கிருந்து வரும்? ஒலிவாங்கியை அணைத்து வைத்துக்கொண்டு ஒலிவாங்கியைச் சோதித்திருக்கிறோம்.

கண்காட்சி முடிந்த பின், ஐந்து கணிப்பொறிகளையும் அதே நிலையில் வைத்துச் சனிக்கிழமைகளில் முயன்றோம். மூன்றாம் சனிக்கிழமை ஒன்று நின்றது. இம்முறை மின்சாரத்தை அணைக்காமல், வேறொரு முனையத்திலிருந்து 'பிஎஸ்' கட்டளையால் செயல்முறைப் பட்டியலை எடுத்தோம். செயல்முறை எண், தாய் எண், குழு எண், முனையத்தின் முன்னணிக் குழு எண், நிலை ஆகிய ஐந்து பத்திகளையும் கேட்டு வாங்கவேண்டும். வெறும் கட்டளை இவற்றைத் தராது. மேற்பார்வை 2140, குழு 2140. வினா 2141, குழு 2141. கடிகாரம் 2142, குழு 2141. முன்னணிக் குழு 2141. நிலைப் பத்தியில் வினாவுக்கும் கடிகாரத்துக்கும் 'டி' என்ற எழுத்து; நின்றிருக்கிறது என்று பொருள். அதனருகே ஒரு கூட்டல் குறி. முன்னணியில் இருக்கிறது என்று பொருள்.

இது எங்களைத் திகைக்க வைத்தது. பின்னணியில் இருந்தால் அல்லவா நிற்க வேண்டும்? முன்னணியில் இருக்கும் குழு ஏன் நிற்கிறது?

ஒரு மாலை முழுவதும் இந்தக் கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பட்டியல் காட்டுவது இந்தக் கணத்து நிலை; நின்றது முந்தைய ஒரு கணத்தில். நின்ற கணத்தில் பின்னணியில் இருந்து, நின்ற பிறகு முன்னணிக்கு வந்திருந்தால்? நிற்பவனின் கையில் ஒலிவாங்கியைக் கொடுத்தால் அவன் தானாகப் பேசத் தொடங்கிவிடுவதில்லை. 'தொடர்க' என்னும் 'சிக்காண்ட்' சமிக்ஞை வந்தாலொழிய நின்றது நின்றதுதான்.

செயல்முறையும் கெர்னலும் பேசிக்கொள்வதை வரிவரியாகப் பதியும் 'எஸ்ட்ரேஸ்' என்ற கருவியை, சேய்களையும் தொடரும்படி பணித்து, பதிவைக் கோப்புக்கு அனுப்பி ஓட்டினோம். (திரைக்கே அனுப்பினால் வினாவோடு கலந்து குழம்பும்.) கோப்பில் வரிசை தெளிவாக இருந்தது: சேய் தனிக் குழுவாகிறது, வினாவை எழுதுகிறது, படிக்க முயல்கிறது, 'சிக்டிடின்' வந்து நிற்கிறது. அதற்குப் பிறகே தாய் முனையத்தை ஒப்படைக்கிறது.

தாய்க்கு ஏன் அத்தனை தாமதம்? எங்கள் கையெழுத்தே காட்டிக்கொடுத்தது. சேயைப் பெற்றதும், முனையத்தை ஒப்படைக்கும் முன்பு, மாணவியின் பெயரையும் நேரத்தையும் பொதுப் பதிவேட்டில் எழுதும்படி இரண்டு வரி சேர்த்திருந்தோம். பதிவேடு இருந்ததோ வலைப்பின்னல் வழியாக வேறொரு கணிப்பொறியில். கூட்டமில்லாதபோது அது நொடியில் முடியும். கூட்டம் நிறைந்து ஐந்தும் ஒரே நேரத்தில் எழுத முனைந்தபோது தாய் அங்கே காத்து நின்றது; சேய் காத்து நிற்கவில்லை. யார் முந்துவார் என்பது அந்தந்தக் கணத்துக்கு உரியது. இதை நிரலாளர் பந்தயநிலை என்பர்.

ஊகம் சரியா என்று அறிய, ஒப்படைக்கும் வரிக்கு முன்னே தாயை ஒரு நொடி உறங்கவைத்தோம். மூன்று சனிக்கிழமை காத்துக் கிடைத்த நோய் இப்போது ஒவ்வொரு முறையும் வந்தது. மாறாகச் சேயை ஒரு நொடி உறங்கவைத்தால் ஒருமுறையும் வரவில்லை. "அப்படியே விட்டுவிடலாமே" என்றாள் ஒருத்தி. வலைப்பின்னல் இரண்டு நொடி தாமதித்தால் மறுபடி ஒரு சிறுமி அழுவாள் என்று மற்றவர்கள் மறுத்தோம்.

திருத்தம் இதுதான். சேய் பிறந்தவுடன் தானே தன் குழுவை அமைத்து, தானே முனையத்தையும் எடுத்துக்கொண்டு, அதன் பிறகே வினா நிரலாக மாறவேண்டும். எடுக்கும் கணத்தில் அது பின்னணியில் இருப்பதால் 'சிக்டிடௌ' வரும். தாயிடமிருந்து வந்த புறக்கணிப்பு அதைக் காக்கிறது. அந்தப் புறக்கணிப்பு நிரல் மாறினாலும் ஒட்டிக்கொண்டே போகும் இயல்புடையது; ஆகவே மாறும் முன் அதைப் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும். குழு அமைக்கும் அழைப்பைத் தாயும் ஒருமுறை செய்யும். சேய் முந்திக்கொண்டு நிரல் மாறியிருந்தால் தாயின் அழைப்புக்குப் பிழை திரும்பும், அதைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை. ஒரு நொடி உறக்கத்தைத் தாயில் அப்படியே விட்டுவைத்து, போலி முனையம் ஒன்றை உண்டாக்கி விடைகளைத் தட்டச்சுச் செய்யும் 'எக்ஸ்பெக்ட்' கருவியால் ஐந்நூறு முறை ஓட்டினோம். ஒன்றும் நிற்கவில்லை.

இப்போது அந்தச் சிறுமியின் கண்ட்ரோல்-சிக்கு வருவோம். அவளுக்கு எதிரான சாட்சியாக நாங்கள் கொண்டது அது. நின்றிருக்கும் செயல்முறைக்கு வரும் 'சிக்இண்ட்' நிலுவையில் கிடக்கும். மறுபடி ஓடத் தொடங்கினால்தான் அது செயல்படும். வினா நிரல் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் அதை அழுத்தியிருந்தால் நிரல் அக்கணமே இறந்து திரை மாறியிருக்கும். மூன்று முறை அழுத்தியும் நிரல் இறக்கவில்லை என்பதே, அவள் தொடும் முன்பே அது நின்றிருந்தது என்பதற்குச் சான்று. பத்து நிமிடம் கழித்து மேற்பார்வை நிரல் அனுப்பிய நிறுத்தச் சமிக்ஞையும் அவ்வாறே நிலுவையில் கிடந்திருக்கும். சாட்சி அவள் பக்கம் இருந்தது. எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை.

ஆசிரியையிடம் சொன்னோம். அவர் எங்களையே ஏழாம் வகுப்புக்கு அனுப்பினார். வகுப்பின் முன் நின்று, கெடுத்தது அவள் அன்று, நாங்கள் எழுதிய இரண்டு வரி என்று சொன்னோம். மாலையில் அவளை அழைத்து அதே ஐந்தாவது கணிப்பொறியின் முன் அமரவைத்தோம். மூன்று வினா வரை ஒழுங்காகப் போயிற்று. நான்காவதில் நிமிர்ந்து, "அக்கா, சி-க்குப் பதில் இசட் அழுத்தினால் என்ன ஆகும்?" என்றாள். அழுத்தியும் விட்டாள். திரை நின்றது.

கண்ட்ரோல்-இசட் முன்னணிக் குழுவை நிறுத்தும் விசை. எங்கள் மேற்பார்வை நிரல் சேய் இறந்ததா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தது. நின்றதா என்று கேட்க நாங்கள் எழுதவே இல்லை. காத்திருக்கும் அழைப்பில் அதற்கென ஒரு குறி உண்டு. அதைச் சேர்த்து, சேய் நின்றதாகச் செய்தி வந்தால் குழு முழுமைக்கும் 'சிக்காண்ட்' அனுப்பும்படி எழுத இன்னொரு மாலை ஆயிற்று. மறுநாள் அவள் வந்து, முதல் வேலையாக இசட்டை நான்கு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, பிறகே வினாக்களுக்கு விடையளித்தாள். பத்துக்கு எட்டு. தவறிய இரண்டில் ஒன்று ஆமை வினா.